டெஸ்க்டாப்பும் நெட்டும்: எல்லைப்புறத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் போனில் எல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். வாட்ஸ்ஆப், யூடியூப், பணம் அனுப்புவது என எதற்கும் யாரையும் கேட்பதில்லை. அதே ஆட்கள் மவுஸைக் கையில் கொடுத்தால் தயங்கி நிற்கிறார்கள். பிள்ளை படிக்கும் பள்ளியில் ஒரு மாதிரி கம்ப்யூட்டர், வீட்டில் வேறு மாதிரி, அக்‌ஷயா அரசு சேவை மையத்தில் இன்னொரு மாதிரி. எங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்விகள் பலவிதம் என்றாலும் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: "அது இப்போ எங்கே இருக்கு?" இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளா, பென் டிரைவிலா, நெட்டில் எங்கோ ஒரு சர்வரிலா (மற்றவர்களுக்குத் தகவல் கொடுக்கும் பொதுக் கம்ப்யூட்டரிலா)? பதில் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன் செய்ததும் வருகிற படம்தான் டெஸ்க்டாப்பா?

படம் வெறும் வால்பேப்பர். அந்தப் படமும், அதன் மேல் இருக்கும் சின்னச் சின்ன ஐகான்களும், அடியில் ஓடும் பட்டையும் சேர்ந்ததுதான் டெஸ்க்டாப். அடியில் இருக்கும் பட்டைக்கு டாஸ்க்பார் என்று பெயர். இப்போது என்னென்ன திறந்திருக்கிறது என்பதை அது காட்டும். வலது மூலையில் மணி, தேதி, வைஃபை, சவுண்ட். ஸ்டார்ட் பட்டன் என்பது விண்டோஸ் சின்னம் போட்ட பட்டன். அதை அழுத்தினால் கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம் எல்லாம் வரும்.

1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது ஸ்டார்ட் பட்டன் இடது மூலையில் இருந்தது. 2021-ல் வந்த விண்டோஸ் 11 அதை நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டது. பழகிய ஆட்களே புதுக் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட்டைத் தேடுவது இதனால்தான். நடுவில் பிடிக்கவில்லை என்றால் டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து செட்டிங்ஸ் போய் இடப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றிவிடுவேன்.

மகள் பள்ளியில் பார்க்கும் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட்டே இல்லை என்கிறாள். பொய் சொல்கிறாளா?

இல்லை. கேரள அரசுப் பள்ளிகளிலும் எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளிகளிலும் பிள்ளைகள் படிப்பது விண்டோஸில் அல்ல, லினக்ஸில். இரண்டுமே ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது கம்ப்யூட்டரையே இயக்கும் அடிப்படைப் புரோகிராம். 2001-ல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி, இப்போது 'கைட்' என்ற பெயரில் இயங்கும் அரசு நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தயாரித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. காசு கிடையாது, யாரும் காப்பி எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம்.

அதில் ஐகான் பட்டை பெரும்பாலும் இடது ஓரத்தில் நிற்கும். சி டிரைவ், டி டிரைவ் என்ற பிரிவு கண்ணில் படாது. வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர். கோயம்புத்தூரில் படிக்கும் சித்தப்பா பையன் 'இஎக்ஸ்இ' என்று முடியும் கேம் ஒன்றை பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தால் அதில் ஓடாது. அது விண்டோஸுக்கு என்று செய்தது. மற்றபடி ஃபோல்டர், ஃபைல், காப்பி, பேஸ்ட், பிரவுசர் எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரிதான். லினக்ஸ் தெரிந்த பிள்ளைக்கு விண்டோஸ் பழக ஒரு மாலை நேரம் போதும். அதனால் "உங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுக்கிறது ஒண்ணுக்கும் உதவாது" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். நெட்டை ஓட்டும் சர்வர்களில் பெரும்பான்மை லினக்ஸில்தான் ஓடுகின்றன.

எப்போது ஒரு கிளிக், எப்போது இரண்டு கிளிக்?

டெஸ்க்டாப்பிலும் ஃபோல்டருக்குள்ளும் ஒரு பொருளைத் திறக்க இரண்டு. டாஸ்க்பார், மெனு, பிரவுசருக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒன்று.

பழக்கதோஷத்தில் எல்லா இடத்திலும் இரண்டு முறை தட்டுகிறவர்கள் உண்டு. வெறும் பக்கம் பார்க்கும்போது பெரிய நஷ்டம் இல்லை. விண்ணப்பத்தை அனுப்பும் பட்டனிலோ பணம் கட்டும் பட்டனிலோ அப்படித் தட்டினால் சில தளங்களில் இரண்டு முறை போய்விடும். அங்கே ஒரே தட்டு, பிறகு கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வயதானவர்களுக்கு இரண்டு கிளிக்குக்கு நடுவில் மவுஸ் நகர்ந்துவிடும், ஃபைல் திறக்காது. அவர்களுக்கு என் யோசனை: ஒரு முறை கிளிக் செய்து நீல நிறம் வந்ததும் கீபோர்டில் என்டரைத் தட்டுங்கள். அதே வேலைதான். விரல் வேகமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ரைட் கிளிக் என்பது, தொட்ட பொருளை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்பது. போனில் ஒரு மெசேஜை அழுத்திப் பிடித்தால் டெலீட், ஃபார்வர்டு எல்லாம் வருகிறதல்லவா, அதற்கு இங்கே ரைட் கிளிக். ரைட் கிளிக் செய்வதால் மட்டும் எதுவும் கெடாது. தைரியமாகத் தட்டிப் பாருங்கள்.

அம்புக்குறி சில நேரம் கை மாதிரியும் சில நேரம் கோடு மாதிரியும் மாறுகிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் கம்ப்யூட்டர் நமக்குச் சொல்லும் பாதி விஷயத்தை அந்தச் சின்னக் குறி வழியாகத்தான் சொல்கிறது.

அம்பாக இருந்தால் சாதாரண நிலை. விரல் நீட்டிய கையாக மாறினால், அங்கே லிங்க் இருக்கிறது, தட்டினால் வேறெங்கோ கொண்டுபோகும். நிற்கும் கோடு மாதிரி ஆனால் அங்கே எழுதலாம். அந்த இடத்தில் ஒருமுறை தட்டியதும் அங்கேயே இன்னொரு கோடு மினுங்கும். எழுத்து விழப்போவது அந்த மினுங்கும் கோட்டில்தான், மவுஸ் இருக்கும் இடத்தில் அல்ல. "அடிக்கிறேன், ஒண்ணும் விழ மாட்டேங்குது" என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்டத்துக்குள் முதலில் கிளிக் செய்யாதவர்கள். நீல வட்டம் சுற்றினால் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறது, காத்திருங்கள். புரோகிராம் திறந்திருக்கும் பெட்டியின் (விண்டோ) விளிம்பில் இரண்டு தலை அம்பாக மாறினால் பிடித்து இழுத்துப் பெட்டியைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம்.

லிங்க் மேல் மவுஸ் குறியை வைத்து, தட்டாமல் நிறுத்திப் பாருங்கள். பிரவுசரின் கீழ் இடது மூலையில் அது எங்கே போகப்போகிறது என்ற முகவரி வரும். போனில் இந்த வசதி இப்படி எளிதாகக் கிடையாது. மோசடி லிங்க்கைக் கண்டுபிடிக்க இதுவே முதல் வழி, முகவரி படிப்பது பற்றிக் கீழே வருகிறது.

(மவுஸை உலகத்துக்கு முதலில் மேடையில் காட்டியவர் டக்ளஸ் எங்கல்பார்ட், 1968 டிசம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோவில். அதன் முதல் மாதிரி மரப்பெட்டியில் செய்தது.)

வேர்டில் எழுதிக்கொண்டிருந்தேன், எதையோ அழுத்தினேன், காணாமல் போய்விட்டது.

பெட்டியின் வலது மேல் மூலையில் மூன்று குறி இருக்கும். கோடு போட்டது மினிமைஸ். பெட்டி டாஸ்க்பாருக்குள் இறங்கிவிடும், அங்கே அதன் ஐகானைத் தட்டினால் திரும்ப வரும். கட்டம் போட்டது திரை முழுக்க விரிக்கும். பெருக்கல் குறி மூடிவிடும், சேவ் செய்யவில்லை என்றால் "சேவ் செய்யவா?" என்று கேட்கும். அவசரத்தில் "வேண்டாம்" என்று தட்டிவிடாதீர்கள்.

பெட்டிக்குப் பின்னால் பெட்டி ஒளிந்திருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டேப் தட்டினால் திறந்திருப்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். விண்டோஸ் விசையோடு 'டி' சேர்த்துத் தட்டினால் எல்லாம் ஒதுங்கி டெஸ்க்டாப் வரும். அதையே மறுபடி தட்டினால் எல்லாம் திரும்ப வரும்.

பென் டிரைவில் காப்பி செய்துகொண்டு போனேன். பிரின்ட் கடையில் திறக்கவில்லை.

ஐகானின் இடது கீழ் மூலையில் சின்ன வளைந்த அம்பு இருந்ததா? இருந்தால் நீங்கள் கொண்டுபோனது ஷார்ட்கட், ஃபைல் அல்ல. ஷார்ட்கட் என்பது "அந்த ஃபைல் இன்ன ஃபோல்டரில் இருக்கிறது" என்று சொல்லும் குறிப்பு மட்டும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தக் குறிப்பு வேலை செய்யும். பாலக்காட்டுக் கடையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்த ஃபோல்டர் எங்கே தெரியும்?

வகுப்புக்கு வரும் ஒரு கல்லூரி மாணவிக்கு புராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாளில் இதுதான் நடந்தது. பென் டிரைவை என்னிடம் காட்டினாள். அறுபது பக்கப் புராஜெக்ட், பார்த்தால் இரண்டு கேபிதான் இருக்கிறது. அளவைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, அடியில் இருக்கும் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் அளவு தெரியும். ஷார்ட்கட் மேல் ரைட் கிளிக் செய்து "ஓபன் ஃபைல் லொகேஷன்" கொடுத்தால் உண்மையான ஃபைல் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் விடும். அங்கிருந்து காப்பி செய்யுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு: டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டை டெலீட் செய்தால் புரோகிராம் போகாது. பயப்பட வேண்டாம். அதேபோல் அதை டெலீட் செய்துவிட்டு "புரோகிராமை எடுத்துட்டேன், இடம் கிடைச்சிருக்கும்" என்று நினைக்கவும் வேண்டாம்.

டவுன்லோட் செய்தேன். எங்கே போச்சு?

டவுன்லோட்ஸ் என்ற ஃபோல்டருக்கு. விண்டோஸ் விசையோடு 'இ' தட்டினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும், இடப்பக்கம் டவுன்லோட்ஸ் இருக்கும். பிரவுசரிலேயே பார்க்க வேண்டும் என்றால் கண்ட்ரோல் விசையோடு 'ஜே'.

கிடைக்கவில்லை என்று மறுபடி மறுபடி டவுன்லோட் செய்பவர்கள் அந்த ஃபோல்டரைத் திறந்தால் திகைப்பார்கள். ஒரே மார்க் லிஸ்ட், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3, 4 என்று வரிசை கட்டி நிற்கும். எல்லாம் ஒன்றுதான், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

டவுன்லோட் என்றால் எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்கு இறக்குவது. அப்லோட் என்றால் இங்கிருந்து அங்கே ஏற்றுவது.

டெலீட் செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?

கம்ப்யூட்டரில் இருந்தது என்றால் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். திறந்து, ரைட் கிளிக், ரீஸ்டோர். பழைய இடத்துக்கே போய்விடும். பென் டிரைவில் இருந்ததை டெலீட் செய்தால் ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேராகப் போய்விடும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டெலீட் செய்தாலும் அப்படித்தான்.

போட்டோ அப்லோட் செய்தால் 'அளவு அதிகம்' என்கிறது. படம் சின்னதாகத்தானே தெரிகிறது?

திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது வேறு, ஃபைல் எத்தனை கேபி என்பது வேறு. சுமார் ஆயிரம் கேபி ஒரு எம்பி. ஆயிரம் எம்பி ஒரு ஜிபி. இன்றைய போனில் எடுக்கும் படம் சாதாரணமாக இரண்டு, மூன்று எம்பி வரும். அரசுத் தளங்கள் 100 கேபிக்குள் கேட்கும், சில இடத்தில் 50-க்குள். விண்டோஸில் இருக்கும் பெயின்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, ரீசைஸ் கொடுத்து, 25 சதவீதம் என்று போட்டு, வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். இன்னும் அதிகம் என்றால் இன்னொரு சுற்று. அசல் படத்தின் மேலேயே சேவ் செய்துவிட்டால் தெளிவு போனது போனதுதான்.

ஐப்பசி இடிக்கு கம்ப்யூட்டரை ஆஃப் செய்தால் போதுமா?

போதாது. பிளக்கையே பிடுங்குங்கள். மோடத்தின் அடாப்டரையும் பிடுங்குங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாதுதான். ஆனால் மோடத்துக்கு மின்சாரம் வரும் கம்பி இருக்கிறதே. வேலை நடுவில் கரன்ட் போவது தனிக் கதை: கண்ட்ரோல் விசையோடு 'எஸ்' அடிக்கடி தட்டும் பழக்கம் வந்துவிட்டால் நஷ்டம் இரண்டு வரியோடு நிற்கும்.

தமிழில் எப்படி டைப் அடிப்பது? அடித்துக் கொடுத்த ஃபைல் வேறு இடத்தில் ஏன் கந்தரகோளமாகத் தெரிகிறது?

முதல் கேள்விக்கு: செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் என்ற இடத்தில் தமிழைச் சேர்த்துவிட்டால் டாஸ்க்பாரில் மொழிக் குறி வரும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். மலையாளமும் சேர்த்து வைத்திருப்பவர்கள் தட்டிக்கொண்டே போனால் மூன்றும் சுற்றி வரும். எங்கள் பக்கத்தில் மூன்றும் இல்லாமல் ஆகாது.

தமிழில் இரண்டு வழி. ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாறுவது. வாட்ஸ்ஆப்பில் தங்கிலீஷ் அடிப்பவர்களுக்கு இது உடனே வரும். இன்னொன்று தமிழ்99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் 'அம்மா' வந்துவிடும். தினமும் பக்கம் பக்கமாக அடிக்கப்போகிறவர்கள் தமிழ்99 பழகுங்கள். மாதத்துக்கு ஒரு மனு எழுதுபவருக்கு ஒலி முறை போதும்.

இரண்டாவது கேள்விக்கு: பொள்ளாச்சியிலோ திண்டுக்கல்லிலோ டிடிபி கடையில் அடித்து வாங்கிய பழைய ஃபைல்கள் பாமினி, வானவில் மாதிரி ஃபான்டுகளில் இருக்கும். அந்த ஃபான்டுகள் ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணின் மேலேயே தமிழ் வடிவத்தை வரைந்தவை. ஃபான்டு இருக்கும் கம்ப்யூட்டரில் தமிழ். இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. யூனிகோடு என்பது உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்து எண்முறை. அதில் தமிழ் எழுத்துக்குத் தனி எண் உண்டு, 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே உண்டு. அதில் அடித்தால் சித்தூர் அக்‌ஷயாவில் திறந்தாலும் சிங்கப்பூரில் திறந்தாலும் தமிழ்தான். பழைய ஃபைலை மாற்றித்தர நெட்டிலேயே இலவச மாற்றிகள் கிடைக்கும். கடையில் அடிக்கக் கொடுக்கும்போதே "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது.

இன்டர்நெட், வெப், பிரவுசர், கூகுள் எல்லாம் ஒன்றுதானா?

நான்கும் வேறு. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலைதான் இன்டர்நெட். பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள்: பாதை ஒன்றுதான், அதில் பயணிகள் வண்டியும் போகும் சரக்கும் போகும். அப்படி இன்டர்நெட் மேல் ஓடுகிற ஒன்று வெப். இமெயில் இன்னொன்று, வாட்ஸ்ஆப் கால் வேறொன்று. இமெயில் 1971-லேயே வந்தது, பெயருக்கு நடுவில் @ குறியை வைத்தவர் ரே டாம்லின்சன். வெப் பிறகுதான் வந்தது: 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் அதற்கான திட்டத்தை எழுதினார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக.

வெப் பக்கங்களைத் திறந்து காட்டும் புரோகிராம் பிரவுசர்: குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ். கூகுள் ஒரு தேடுபொறி; பிரவுசருக்குள் திறக்கும் தளங்களில் அதுவும் ஒன்று. குரோமைச் செய்வதும் அதே கம்பெனி என்பதால் குழப்பம் வருகிறது.

வைஃபை முழுசாகக் காட்டுகிறது, நெட் மட்டும் இல்லை.

வைஃபை என்பது உங்கள் கம்ப்யூட்டருக்கும் வீட்டு மோடத்துக்கும் நடுவில் உள்ள தொடர்பு மட்டும். மோடத்துக்கு வெளியே ஃபைபர் அறுந்திருந்தாலும் வைஃபை முழுசாகத்தான் காட்டும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.

40 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். டவுன்லோட் 5 எம்பி வேகம்தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை, சரியாகத்தான் வருகிறது. பிளானில் சொல்வது மெகாபிட், பிரவுசர் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்து. அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்க சுமார் மூன்றரை நிமிடம் ஆகும்.

வருமானச் சான்றிதழுக்குத் தமிழில் தேடினேன். வந்த தளத்தில் என் மாவட்டமே இல்லை.

எல்லையில் இருக்கும் தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. தமிழில் தேடினால் தேடுபொறிக்குக் கிடைக்கும் தமிழ்ப் பக்கங்களில் பெரும்பான்மை தமிழ்நாட்டைப் பற்றியவை. நீங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம், அது காட்டுவது தமிழ்நாட்டு இ-சேவை. பட்டா சிட்டா என்று தேடினால் கேட்கவே வேண்டாம். உங்களுக்கு வேண்டியது கேரளத்தின் இ-டிஸ்ட்ரிக்ட் தளம். தேடும்போதே 'கேரளா' என்ற சொல்லைச் சேருங்கள், முடிந்தால் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ தேடுங்கள். தளத்துக்குள் போனதும் மாவட்டப் பட்டியலில் உங்கள் மாவட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் அங்கே ஒரு கட்டத்தைக் கூட நிரப்பாதீர்கள்.

'சித்தூர் தாலுகா ஆபீஸ்' என்று தேடினால் ஆந்திராவின் சித்தூரும் வந்து நிற்கும். பின்கோடைச் சேர்த்தால் பிரிந்துவிடும்: நம் சித்தூர் 678-ல் தொடங்கும், அந்தச் சித்தூர் 517-ல்.

சரியான தளம்தான் என்று எப்படித் தெரியும்? பூட்டுப் படம் இருந்தால் போதுமா?

போதாது. பூட்டு என்றால் உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும் அர்த்தம். திருடன் நடத்தும் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். ஜனங்கள் அதை நற்சான்றிதழ் மாதிரி நம்பியதால் 2023-ல் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள். தொடக்கத்தில் 'https://' இருந்தால் அதை விட்டுவிடுங்கள்; அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். 'இடிஸ்ட்ரிக்ட்.கேரளா.ஜிஓவி.இன்' என்று இருந்தால் கடைசியில் 'ஜிஓவி.இன்' இருக்கிறது; அது அரசுக்கு மட்டும் கிடைக்கும் முடிவு. 'கேரளா-ஜிஓவி-இன்.காம்' என்று இருந்தால் முடிவு 'காம்', அதை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். நடுவில் எத்தனை தடவை 'ஜிஓவி' என்று எழுதியிருந்தாலும் பயனில்லை. வங்கிகளுக்கும் இப்போது தனி முடிவு உண்டு: 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாறச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

தேடியதும் மேலே வரும் முதல் ஒன்றிரண்டு வரி விளம்பரமாக இருக்கலாம். 'ஸ்பான்சர்டு' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். வங்கியின் கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் தேடி எடுத்துக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். பாஸ்புக்கிலோ கார்டின் பின்பக்கமோ இருக்கும் நம்பரைப் பாருங்கள்.

'குக்கீஸை ஏற்கவா' என்று கேட்கிறதே?

உங்களை அடையாளம் வைத்துக்கொள்ள தளம் உங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்பு அது. லாகின் நிலைத்து நிற்பது அதனால்தான், பார்த்த சேலை விளம்பரம் பின்னாலேயே வருவதும் அதனால்தான். மறுக்கும் பட்டன் இருந்தால் மறுத்துவிடுங்கள்; பெரும்பாலான தளங்கள் வழக்கம்போல் வேலை செய்யும்.

நான் தமிழ்தான் பார்க்கிறேன். விளம்பரம் ஏன் மலையாளத்தில் வருகிறது?

நெட்டில் இருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஐபி அட்ரஸ் என்ற எண் உண்டு. அதை வைத்து நீங்கள் எந்த ஊர்ப் பக்கம் என்று ஊகிக்கிறார்கள். ஊகம்தான். கம்பெனியின் பெரிய மையம் எங்கே இருக்கிறதோ அந்த ஊரைக் காட்டுவதும் உண்டு. கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்திருப்பவருக்கு கொச்சி என்றோ கோயம்புத்தூர் என்றோ காட்டினால் வைரஸ் என்று நினைக்க வேண்டாம்.

திரை முழுக்கச் சிவப்பாகி, 'வைரஸ் வந்துவிட்டது, இந்த நம்பரைக் கூப்பிடு' என்று சத்தம் போடுகிறது!

கூப்பிடாதீர்கள். அது ஒரு வெப் பக்கம், வேறொன்றும் இல்லை. எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், திரை சுருங்கும். பிறகு ஆல்ட் விசையோடு 'எஃப்4'. அதற்கும் அசையவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்துத் தட்டி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். ஏற்கெனவே கூப்பிட்டு, பணமும் போய்விட்டது என்றால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

அக்‌ஷயாவிலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை முடிந்து எழுந்திருக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

2002-ல் மலப்புறத்தில் தொடங்கிய அக்‌ஷயாவில் பெரும்பாலும் அங்கே இருப்பவர்களே செய்து கொடுத்துவிடுவார்கள். அப்போதும் ஓடிபியை எதற்கு என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நீங்களே உட்கார்ந்து செய்யும் இடத்தில்தான் கவனம் வேண்டும்.

பிரவுசரை மூடுவது வேறு, லாகவுட் செய்வது வேறு. மூடிவிட்டுப் போனால் அடுத்து உட்காருபவர் திறந்ததும் உங்கள் மெயில் அப்படியே வரலாம். மெயிலில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தட்டி சைன் அவுட் கொடுங்கள். 'பாஸ்வேர்டைச் சேவ் செய்யவா' என்று பிரவுசர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உங்கள் ஆதார் காப்பி கிடக்கும். டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ஸ்கேன் செய்து கொடுத்தவர் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருக்கும், அதையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்காக்னிடோவில் (பிரவுசரில் தடம் வைக்காத தனிப் பெட்டியில்) திறந்தால் பெட்டியை மூடியதும் லாகினும் ஹிஸ்டரியும் போய்விடும், ஆனால் டவுன்லோட் செய்த ஃபைல் போகாது.

வாட்ஸ்ஆப் வெப் திறந்து பிரின்ட் எடுத்திருந்தால், அங்கே மூட மறந்தாலும் வழி இருக்கிறது. பஸ் ஏறிய பிறகுகூட உங்கள் போனில் வாட்ஸ்ஆப்பைத் திறந்து, 'லிங்க்டு டிவைசஸ்' போய், அந்தக் கம்ப்யூட்டரின் பெயரைத் தட்டி லாகவுட் கொடுத்தால் அங்கே அறுந்துவிடும்.